உண்ண மறுத்த மீன்

பசித்தோர்க்கு உணவளிப்பது, உடல் சார்ந்த இரக்கச் செயல்களுள் முதலாவது. மறைக்கல்வி வகுப்பில் இதனை மனப்பாடம் செய்யாதவர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். உணவு இருக்கிறது, பசித்தவர் இருக்கிறார், கொடுக்கக் கை இருக்கிறது. இம்மூன்றும் கூடினால் அறம் நிறைவேறிவிடும் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். உணவு எதிரே இருந்தும், பசி உடலைத் தின்றுகொண்டிருந்தும், வாய் திறவாத ஓர் உயிரின் முன் நிற்க நேர்ந்தால் என்ன செய்வதென்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. சென்ற கோடையில் எனக்கு அப்படி நிற்க நேர்ந்தது. என் முன் இருந்தது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கடல்மீன். ஒரு மீனுக்கா இத்தனை பேச்சு என்று வாசகர் சிலர் புன்னகைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் புன்னகைத்தேன்.

எங்கள் எழுமலையை அறியாதவர்களுக்காக ஒரு சொல். உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கும் வறண்ட ஊர். மழையை நம்பிய காடுகள். பெய்தால் விளைச்சல், பொய்த்தால் வெளியூர்ப் பிழைப்பு. மன்னார் வளைகுடாவின் கரையிலுள்ள மண்டபத்துக்கு இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கடலைப் பாராமலே கண்மூடிய கிழவர்களும் கிழவிகளும் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பலர் உண்டு. அத்தகைய ஊரில், என் தம்பி மகன் தன் அறைக்குள் 200 லிட்டர் கடலை உண்டாக்கி வைத்திருந்தான். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவன். கண்ணுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தொட்டி வைத்தேன் என்பான். லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் 7 கிலோ உப்புக் கலவை அதில் கரைந்திருந்தது. வெயிலில் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்; ஆகையால் குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினான். நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். உயிரியல் என் பாடம் அன்று.

அவனுடைய நிறுவனம் ஒரு மாதப் பயிற்சிக்கு அவனைப் பெங்களூருக்கு அழைத்தது. புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு ஒரு கடையிலிருந்து அந்த மீனை வாங்கி வந்திருந்தான். தட்டையான, வட்டத்தட்டுப் போன்ற உடல், பழுப்புச் செதில்கள், கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பட்டை, வாலில் சிவப்பு. வண்ணத்துப்பூச்சி மீன் என்று அந்த இனத்துக்குப் பெயர். பெயர் பொருத்தந்தான். தொட்டியில் ஏற்கெனவே இருந்த சிறிய நீல மீன் ஒன்றும் கோமாளி மீன்கள் இரண்டும் தீனி விழுந்தவுடன் பாய்ந்து தின்றன. இதுவோ ஒரு மூலையில், சாய்ந்தாற்போல், கண்ணாடியைப் பார்த்தபடி நின்றது.

"பெரியப்பா, வந்ததிலிருந்து இது வாயில எதையும் வைக்கல. கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவன் பேருந்து ஏறிவிட்டான்.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன? நம் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: போட்டுக்கொண்டே இருப்பது. விருந்தாளி போதும் என்று கையை இலைக்குக் குறுக்கே நீட்டினாலும், விரலிடுக்கில் சோற்றை விழச் செய்கிற மரபு நம்முடையது. நானும் உருண்டைத் தீனியைக் காலையில் போட்டேன், நண்பகலில் போட்டேன், மாலையில் மீண்டும் போட்டேன். மற்ற மீன்கள் தின்றது போக எஞ்சியது கற்களுக்கிடையே இறங்கியது. நான்காம் நாள் மீனின் வயிறு உள்வாங்கியிருந்தது. தலைக்குப் பின்னே முதுகுச் சதை வற்றி மேடு தெரிந்தது. துடுப்பில் உப்புத் தூவினாற்போல் ஐந்தாறு வெண்புள்ளிகள். எனக்குப் பழக்கமான குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவர்; அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"சார், முதல்ல தீனி போடுறதை நிறுத்துங்க. தண்ணியைப் பாருங்க" என்றார்.

அலமாரியில் இருந்த சோதனை மருந்தை எடுத்து, அவர் சொன்னபடி ஒரு குப்பியில் தொட்டி நீரை விட்டுச் சொட்டுச் சொட்டாகக் கலந்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பச்சையாயிற்று. தொட்டியில் அம்மோனியா. மீனின் கழிவும் அழுகிய உணவும் அம்மோனியாவாகும். அதனை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனினும் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நுண்ணுயிர்க் கூட்டம் ஒரு புதிய தொட்டியில் நிலைகொள்ளவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அது தாங்கும் அளவுக்குமேல் தீனியைக் கொட்டினால் நஞ்சு எஞ்சும். நான்கு நாள்களாக நான் அந்த மீனுக்கு ஊட்டியது அதைத்தான். அது மூச்சு விடும் நீரில் என் அன்பு அழுகிக்கொண்டிருந்தது.

உடனே 40 லிட்டர் நீரை மாற்ற வேண்டும். எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் உதவாது. சுத்திகரித்த நீர் கேன்களில்தான் வாங்க வேண்டும். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாள் அது. குடங்கள் வரிசையில் நின்றன. அவற்றைக் கடந்து இரண்டு கேன்களை உள்ளே தூக்கிச் சென்றபோது என் மனைவி மெல்லச் சொன்னாள்: "என்னங்க, மனுசங்க குடத்தோட நிக்கிறாங்க. நாம மீனுக்குத் தண்ணி வாங்குறோம்."

இதற்கு என்னிடம் அன்று விடை இல்லை. முழுமையான விடை இன்றும் இல்லை. 1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளைப் பற்றிச் சில எண்களே பேசுகிறது. ஆயினும் அவை கூர்மையானவை. விலங்குகளுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள். காரணமின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் சாகவிடுவதும் மனித மாண்புக்கு எதிரானது என்கிறது. அதே மூச்சில், மனிதத் துயரைத் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. இரண்டு வாக்கியங்களும் 2418 என்ற ஒரே எண்ணில் அடுத்தடுத்து நிற்கின்றன. என் மனைவி அந்த நூலைப் படித்தவள் அல்லள். இரண்டாம் வாக்கியத்தை மட்டும் வாசற்படியில் நின்று சொல்லிவிட்டாள்.

ஆனால் நன்றாக எண்ணிப் பார்த்தால், அந்தக் கேள்வி எழுப்பப்பட வேண்டிய இடம் என் வாசற்படி அன்று, கடையின் வாசற்படி. வாங்கலாமா என்று ஒருவன் நிற்கும்போது, இந்தப் பணம் வேறெங்கே போக வேண்டும் என்று கேட்பது நேர்மை. வாங்கி, அடைத்து, தப்ப வழியில்லாமல் செய்த பிறகு, ஏழைகளைக் காரணம் காட்டி அதைப் பட்டினியில் விடுவது நேர்மையாகுமா? எடுத்தவன் கையில் எடுத்ததன் பசியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கு என்ற சொல், மனிதர் நீங்கலாக எந்த உயிரையும் குறிக்கும். உடைமையாளர் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராதிருப்பது குற்றம். ஆனால் போதிய உணவு என்பது எது? என் தொட்டியில் உணவு போதாமல் இல்லை; மிகையாகவே கிடந்தது.

அந்த மீனைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பின்புதான் இதன் பொருள் விளங்கிற்று. இவ்வினத்தின் குடும்பப் பெயருக்குக் கிரேக்க மொழியில் மயிர்ப் பல் என்று பொருளாம். கவராயத்தின் முனைபோல் சிறுத்த வாய். அதனுள் தூரிகைபோல் மெல்லிய பற்கள். உயிருள்ள பவளப் பாறையில் ஆயிரமாயிரமாய் விரிந்து நிற்கும் சிறு பவள உயிர்களை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்பதற்கென்றே அமைந்த வாய் அது. விடியலிலிருந்து அந்திவரை கொத்திக்கொண்டே இருக்கும். ஒரு வேளைச் சோறு என்ற வழக்கம் அதற்கு இல்லை. இவ்வினத்துள் சில வகைகள் பவள உயிரைத் தவிர எதையும் தொடுவதில்லை. தொட்டியில் அடைத்தால் பட்டினியில் சாவதே அவற்றின் முடிவு. வேறு சில வகைகள் புழுக்களையும் சிறு உயிர்களையும் ஏற்றுக்கொள்ளும். நம் மீன் இடைப்பட்ட வகை. பெரும்பாலும் பவளத்தையே நம்பி வாழ்வது, பழக்கினால் பழகவும் கூடியது. மேலிருந்து விழும் பழுப்பு உருண்டை உணவு என்பதை அது எங்ஙனம் அறியும்? பாலைவனத்தில் ஒருவனை இறக்கிவிட்டு, சுற்றிலும் மணல் இருக்கிறதே, தின்பதற்கென்ன என்று கேட்பது போன்றது நான் செய்தது.

அது வாய் திறக்கவே இல்லை என்பதும் சரியன்று. கடல்மீன்கள் ஓயாமல் நீர் குடிக்கின்றன. கடல் அவற்றின் உடலைவிட உப்பு மிகுந்தது. ஆகவே உடலின் நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுசெய்யக் கடலைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே வெளியேற்ற வேண்டும். ஆற்றுமீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. கடலுக்குள் வாழ்ந்தும் தாகத்தோடு வாழ்கிற உயிர் என்பதை அறிந்தபோது, மூலையில் நின்ற அந்த மீன் என் கண்ணுக்கு வேறாகத் தெரியத் தொடங்கிற்று.

மீனுக்கு வலி உண்டா என்ற வினாவையும் இங்கே தள்ளிவிட்டுப் போக முடியாது. 2003-ல் பிரிட்டனில் லின் ஸ்னெடன் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். டிரவுட் மீன்களின் உதட்டில் அமிலத்தையும் தேனீ நஞ்சையும் செலுத்திப் பார்த்தனர். அந்த மீன்கள் உடலை ஆட்டின. அமிலம் ஏற்றவை உதட்டைத் தொட்டித் தரையின் கற்களில் தேய்த்தன. வெறும் உப்புநீர் ஏற்ற மீன்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் உணவைத் தொடவில்லை. இதனை வலி என்று கொள்ளலாகாது, வெறும் உடல் எதிர்வினையே என்று மறுக்கும் அறிஞரும் உள்ளனர். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆயினும் ஒன்றைக் கவனித்தேன்: மொழியற்ற ஓர் உயிரிடம் துன்பம் இருக்கிறதா என்று அறிய அவர்கள் நோக்கிய அடையாளங்களுள் ஒன்று, அது உண்ணவில்லை என்பது. உண்ணாமை அதன் பிடிவாதம் என்று எண்ணி வந்த எனக்கு, அது ஒரு முறையீடாகவும் இருக்கலாம் என்று தோன்றிற்று.

பிறகு தொடங்கிய முயற்சிகளைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இதில் எனக்குக் கிடைத்த பாடங்கள் பல. வெண்புள்ளி நோய்க்குச் செப்பு மருந்து உண்டு. ஆனால் செப்பு, மீனின் பசியை இன்னும் அடக்கிவிடும். நோயைத் தீர்த்தால் பட்டினி கொல்லும். பட்டினியைத் தீர்க்கும்வரை நோய் காத்திருக்குமா என்பது தெரியாது. மருத்துவமனை வராந்தாக்களில் நம்மில் பலர் இந்த முடிச்சைக் கண்டிருப்போம். புள்ளிகள் குறைவாக இருப்பதால், முதலில் உணவு, பிறகு மருந்து என்று அந்த இளைஞர் முடிவு சொன்னார். தனியாக ஒரு சிறு தொட்டியில் அதை மாற்றினோம். கோடை வெயிலில் நீர் சூடேறாமல் 26 பாகையில் நிற்க, உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டில்களை மாற்றி மாற்றி மிதக்கவிட்டோம். மின்சாரம் நின்றால் மூச்சுக்காற்று நிற்காமலிருக்க மின்கலத்தில் ஓடும் ஒரு சிறு காற்றுக்குழாய்.

அடுத்தது, நான் விலகி நிற்க வேண்டும் என்பது. உண்கிறதா, உண்கிறதா என்று மணிக்கொரு தடவை கண்ணாடியில் முகம் பதித்து நின்றவன் நான். அதன் கண்ணுக்கு என் முகம் எவ்வளவு பெரிய விலங்கின் முகமாக இருந்திருக்கும்! மோந்தால் வாடும் அனிச்சப் பூவைவிட, விருந்தினர் முகம் மாறி நோக்கிய அளவில் வாடுவர் என்று வள்ளுவர் சொன்னதை முப்பது ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். நோக்கு மாறாமலே, அன்போடு நோக்கினாலும் சில விருந்தினர் வாடுவர் என்பதை எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பழைய வேட்டி ஒன்றை மூன்று புறமும் போர்த்தினேன். விளக்கைக் குறைத்தேன். ஒளிந்துகொள்ள ஒரு மண்குழாய்த் துண்டை உள்ளே வைத்தேன்.

உணவு அதன் வாய்க்கும் வழக்கத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். இறாலையும் பூண்டையும் விழுதாக அரைத்து, சொரசொரப்பான ஒரு ஓட்டாஞ்சில்லில் அழுத்திப் பூசி, பாறையைப்போல் சாய்த்து வைத்தேன். பவளத்துண்டு ஒன்றை வைக்கலாமே என்று சிலர் கேட்கலாம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. கடற்குதிரைகளும் அந்த ஆண்டில்தான் சேர்க்கப்பட்டன. (கடற்குதிரைக்கு இரைப்பையே கிடையாது, தின்றது நில்லாமல் போய்விடுவதால் ஓயாமல் தின்ன வேண்டும் என்பதையும் இந்த நாள்களில்தான் அறிந்தேன். நம் மீனைக் காட்டிலும் கடினமான விருந்தாளி!) ஓட்டாஞ்சில்லை அது ஒருமுறை சுற்றி வந்து பார்த்தது; அவ்வளவே. இரண்டு மணி நேரத்தில் சில்லை எடுத்துவிட வேண்டும், அழுகவிடக் கூடாது என்பதை இப்போது நான் மறப்பதில்லை.

அடுத்து ஆர்டீமியா. உப்பளங்களில் வாழும் சிற்றிறால் இனம் அது. அதன் முட்டைகள் உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிரை உள்ளே மடித்து வைத்திருக்கும். பார்க்கப் பழுப்பு மண் போலிருக்கும். ஒரு சிட்டிகையை உப்புநீரில் போட்டு, காற்றும் வெளிச்சமும் கொடுத்தால், ஒரு நாள் அல்லது ஒன்றரை நாளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாக நீந்தத் தொடங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்க்கவே கூட்டமாய் வந்தார்கள். அசைகிற உணவைக் கண்டால் அசையாதிருக்கும் மீனும் திரும்பும் என்றார் இளைஞர். திரும்பியது, வாயை நீட்டியது, மறுபடியும் மூலைக்குப் போயிற்று. அது ஒன்பதாம் நாள்.

அன்றிரவு அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். குழாய் வைத்து ஊட்டலாமா? முடியும், மீனைப் பிடித்து, நனைந்த துணியில் பொதிந்து, மெல்லிய குழாயை வாய்க்குள் செலுத்திக் கூழை இறக்குவார்கள், ஆனால் இவ்வளவு சிறிய, இவ்வளவு நலிந்த மீன் பிடிக்கும்போதே போய்விடக்கூடும் என்றார். இரண்டாவது கேள்வியைக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது: துன்பமின்றி முடித்துவிட வழி உண்டா? உண்டு, கிராம்பு எண்ணெய் மீனை மயக்கும், அளவு கூடினால் மயக்கத்திலேயே உயிர் அடங்கும் என்றார். நான் வெகு நேரம் விழித்திருந்தேன்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் போக இயலவில்லை. தாயையும் மீனையும் ஒரே தட்டில் வைக்கிறான் என்று எவரும் வருந்த வேண்டாம். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லக்கூடிய ஒருவரிடமே நான் செவிசாய்க்கவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் மதுரையில் வேலை பார்த்த காலம். அப்பா இறந்தபின், எழுமலைக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றூரிலிருந்து அம்மாவை மாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆறு மாதத்தில் அவர் உண்பதை நிறுத்திக்கொண்டார். மருத்துவர் பார்த்தார், பெரிய நோய் இல்லை, முதுமை என்றார். பொன்னி அரிசியைக் குழைய வடித்துக் கொடுத்தோம், பாலில் சத்துமாவு கலந்து கொடுத்தோம், கரண்டியைப் பற்களுக்கிடையே தள்ளியும் பார்த்தோம். தள்ளியவன் நான்தான். அவர் கண்ணில் நீர் வந்தது. அதை நான் பலவீனம் என்று எண்ணிக்கொண்டேன். ஊரிலிருந்து சித்தி ஒரு நாள் தூக்குவாளியில் குதிரைவாலிச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்தார். வற்புறுத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, தன் வட்டிலில் போட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே தான் உண்ணத் தொடங்கினார். சற்று நேரத்தில் அம்மா கட்டிலைவிட்டு இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். அதன்பின் இரண்டு மாதமே இருந்தார். ஊருக்கே திருப்பி அழைத்துச் சென்றோம். சோறு அவரைக் காப்பாற்றிற்று என்று சொல்ல மாட்டேன்.

பத்தாம் நாள் அந்த இளைஞரே, நான் எண்ணிக்கொண்டிருந்ததைச் சொன்னார்: துணைக்கு ஒன்றைவிடுங்கள், அது தின்பதை இது பார்க்கட்டும். இவ்வினம் கடலில் பெரும்பாலும் இணையாகவோ கூட்டமாகவோ திரிவது. தனிமையும் அதன் நோயாக இருக்கலாம். சண்டைக்குப் போகாத கோமாளி மீனில் சிறியதைச் சிறு தொட்டிக்கு மாற்றினேன். இராமநாதபுரத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் பனிக்கட்டியில் வைத்துப் பேருந்தில் அனுப்பிய மட்டிகள் பன்னிரண்டாம் நாள் காலை வந்து சேர்ந்தன. ஒன்றைப் பிளந்து, ஓட்டோடு அப்படியே சாய்த்து வைத்தேன். கோமாளி முதலில் இழுத்தது. வேட்டியின் விளிம்பிலிருந்த கிழிசல் வழியே பார்த்தேன். வண்ணத்துப்பூச்சி மீன் மூலையைவிட்டு வந்தது, நின்றது, ஓட்டின் உட்புறத்தை ஒருமுறை கொத்திற்று. நிறுத்தியது. பிறகு மறுபடியும். பதினேழு கொத்துகள் வரை எண்ணினேன். அதற்குமேல் கண் மங்கிவிட்டது.

மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. தெருவில் போனவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆனால் மறுநாள் காலையில் அந்த மகிழ்ச்சியின் அடியில் ஒரு நெருடல் இருந்தது. அது உண்டுவிட்டது என்பதால், அதை இங்கே கொண்டுவந்தது சரியாகிவிடுமா? மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக 1986-ல் அறிவிக்கப்பட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று ஒரு காலத்தில் அங்கே பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிவிட்டன. கடல் சூடேறியதால் 1998-லும் 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளிறின. உண்ண உணவின்றி அங்கேயே எத்தனை மீன்கள் வாய்மூடி நின்றனவோ, அவற்றுக்கு மட்டி பிளந்து வைப்பார் இல்லை. என் தொட்டி மீன் எந்தக் கடலில் பிடிபட்டது என்பது விற்றவருக்கே தெரியாது. பிடிப்பவர், சேர்ப்பவர், மொத்த வணிகர், சில்லறைக் கடை என்று கை மாறி வரும். பைக்குள் கழிவால் நீர் கெடாதிருக்க, கட்டி அனுப்புமுன் ஓரிரு நாள் பட்டினி போடுவது இத்தொழிலின் வழக்கம். ஒவ்வொரு கையிலும் இப்படி ஒரு பட்டினி. பிலிப்பைன்ஸ் கடலில் 1960-களிலிருந்து சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமையும் உண்டு. அப்படிப் பிடிபட்டவை நலமாகவே தோன்றும், சில நாளில் உண்ணாமல் இறக்கும் என்கிறார்கள்.

வேறு வழியும் இல்லாமல் இல்லை. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்து வளர்த்திருக்கிறார்கள். அங்கே குஞ்சுக்கு உணவு ஊட்டுவது ஒரு சங்கிலி: முதலில் பச்சைப் பாசியை வளர்த்து, அதைத் தின்னும் கண்ணுக்கு அரிதான ரோட்டிஃபர்களை வளர்த்து, அவற்றைக் குஞ்சுக்குக் கொடுத்து, பிறகு ஆர்டீமியா, பிறகு உருண்டைத் தீனி. அப்படி வளர்ந்த மீன் மனிதர் கையிலிருந்து விழுவதை உணவென்றே அறியும்; அது கடலை இழக்கவில்லை, பார்த்ததே இல்லை. அதையேனும் குற்றமற்றது என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே இப்போதைக்கு நினைக்கிறேன், உறுதி இல்லை. புனித அந்தோணியார் ரிமினியில் மீன்களுக்குப் போதித்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் கரைக்குப் போனார். மீன்கள் தலை நீட்டிக் கேட்டுவிட்டுக் கடலுக்குள் திரும்பின. ஒன்றையும் அவர் மடத்துக்குக் கொண்டுபோனதாகக் கதையில் இல்லை.

கடலிலேயே விட்டுவிடலாமே என்று என் மனைவி கேட்டாள். பிற கடல் மீன்களோடு தொட்டியில் இருந்தது, நோயும் கண்டது. எந்தக் கடலென்று தெரியாமல் ஒரு கடலில் விடுவது, நம் மனபாரத்தை அந்தக் கடலின் மீன்கள் மேல் இறக்கி வைப்பதாகும். ஆகவே அது இருக்கிறது. செப்பு மருந்து பின்னர் மெதுவாகக் கொடுத்தோம், புள்ளிகள் போயின. நாளுக்கு ஐந்து தடவை சிறிது சிறிதாக உண்கிறது. மட்டிக்கு ஒவ்வொரு வாரமும் ஆளனுப்ப வேண்டியிருக்கிறது. தெருக்குழாய் வரும் நாளில் கேன் வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டேன். முந்தின நாள் இருட்டியபின் வாங்கி வைக்கிறேன். இது நேர்மையா, வெட்கமா என்று எனக்கே தெளிவில்லை.

தம்பி மகன் திரும்பி வந்து, மீன் கொத்துவதைக் கண்டு என்னைக் கட்டிக்கொண்டான். "பெரியப்பா, இதுக்கு அதே இனத்துல ஒரு ஜோடி வாங்கிடலாமா?" என்றான். மறுக்கவில்லை. அவனோடு நானும் கடைக்குப் போனேன். கண்ணாடிக்குள் அதே பழுப்பு, அதே சிவப்பு வால், அதே மூலை. கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "இது எங்கள் கண் முன்னால் ஏதாவது தின்னட்டும். பார்த்துவிட்டு வாங்குகிறோம்."

அவர் நல்ல மனிதர். முகம் சுளிக்காமல் உருண்டைத் தீனியைத் தூவினார். பக்கத்து மீன்கள் பாய்ந்தன, அது திரும்பவில்லை. உறைந்த இறாலைக் கிள்ளிப் போட்டார், திரும்பவில்லை. இன்னொரு நாள் வாருங்கள் என்றார். அரைமணி நேரம் நின்றோம். பிறகு உப்புக் கலவை ஒரு பொதியும் ஆர்டீமியா டப்பா ஒன்றும் வாங்கிக்கொண்டு, ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டிப் பேருந்தைப் பிடித்தோம். செக்கானூரணி தாண்டும்வரை பையன் எதுவும் பேசவில்லை. பிறகு, "அந்தக் கடை மீன் என்ன ஆகும் பெரியப்பா?" என்று கேட்டான்.